தழைக்கு அடியில் போன கை

ஆடி மாதம். மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகல். எங்கள் கோழி ஒன்று நாலு நாளாக முட்டையை வீட்டில் இடாமல் எங்கோ போய் இட்டுக்கொண்டிருந்தது. அதைத் தேடி, எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் சரிவில் கிடந்த இஞ்சித் தோட்டத்துக்கு, இந்தப் பக்கத்துப் பேச்சில் விளைக்கு, இறங்கினேன்.

பாத்தி ஓரத்தில் நேசம்மை குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை தழைக்கு அடியில் போயிருந்தது. கண் பாத்தியில் இல்லை. எதிரே நின்ற பலா மரத்தைப் பார்த்தபடி, கையால் மட்டும் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். 'டக்' என்று சின்னதாய் ஒரு சத்தம். கை வெளியே வந்தது. அதில் ஒரு துண்டு இஞ்சி.

மண்ணைத் தட்டி மடியில் கட்டிக்கொண்டார். கலைந்த தழையை இழுத்து மூடினார். அடுத்த செடிக்கு நகர்ந்தார். மடி ஏற்கெனவே புடைத்திருந்தது.

நான் தேடி வந்தது கோழியை. அகப்பட்டது இது.

"ஏட்டி கள்ளி! யாரு விளையில வந்து என்னத்தைத் தோண்டுகே?"

மேல் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. நேசம்மைக்கு நாற்பதுக்கு மேல். எங்கள் வீட்டு விளையில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவர், எங்கள் வேதக்கோயில் சபைக்காரர், புருஷனை இழந்து தனியே இருந்தவர். அவரைத்தான் நான் ஏட்டி என்றேன்.

அவர் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"வழுக்கும் மக்ளே. பாத்து ஏறிப் போ," என்றார்.

எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை, எடுத்தேன் என்றும் சொல்லவில்லை. என் கோபம் இன்னும் ஏறியது. திரும்பி நடக்கும்போது அவரும் மற்றவர்களும் கேட்கும்படி, "களவும் செஞ்சுக்கிட்டு கரிசனம் வேறயா!" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். இத்தனை வயதுக்குப் பிறகும் முழுக்கத் திருந்தவில்லை.

அம்மியைக் கேட்டவர்களுக்கு

போன வாரம், கல்யாணச் சீராக ஒரு மயிலாடி அம்மியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? அந்த அம்மி இன்னும் இருக்கிறதா என்று இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். இருக்கிறது. குழவிதான் இரண்டாவது. நான் நலமா என்று இருவரும் கேட்கவில்லை. போகட்டும், நானும் இருக்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பிறந்தது மயிலாடிக்குப் பக்கத்தில், வயலும் குளமுமாகக் கிடக்கிற ஓர் ஊரில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் நாள் போய்விட்டார். என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா, என் அத்தை.

எங்கள் வீட்டில் கூரைக்கு அடியில் இருந்த அட்டத்தில் ஒரு பரணி இருந்தது. ஊறுகாய் போடுகிற பழுப்புப் பீங்கான் பரணி, வாயைத் துணியால் கட்டியிருக்கும். ஒரு நாள் நான் ஏணி வைத்து ஏறி அதன் கட்டை அவிழ்த்துவிட்டேன். உள்ளேயிருந்து இஞ்சியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக ஒரு வாசனை வந்தது. பலகாரம் என்று நினைத்து விரலை விட்டேன். கல்லாக இறுகிக் கிடந்தது.

அத்தை அன்று என்னை அடித்த அடி! அடித்துவிட்டு அவரே அழுதார். அது அம்மாவுக்குச் செய்த பேறுகால மருந்து. பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்பே, ஊரில் நாலு பேரைக் கேட்டு, நல்ல சுக்காகத் தேடி வாங்கி, இடித்துக் கிளறிப் பரணியில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்களாம். மூன்றாம் நாள் காலையில் முதல் உருண்டை கொடுப்பதாக இருந்ததாம். தின்ன ஆளில்லை. அதைத் தூரப்போடவும் அத்தைக்கு மனம் வரவில்லை.

அந்தப் பரணியின் வாசனை என் மூக்கில் அப்படியே தங்கிவிட்டது. எங்காவது இஞ்சியும் கருப்பட்டியும் சேர்ந்து கொதித்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அப்படிப்பட்ட என்னைக் கட்டிக்கொடுத்தது திற்பரப்புப் பக்கம், இஞ்சி பயிரிடுகிற வீட்டுக்கு. அத்தை அதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டதால், தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக ஆளில்லை. மாமியார் வீட்டிலேயே பிள்ளை பெறுவது என்று முடிவாயிற்று.

நெல்லுக்காரி

இஞ்சியைப் போலப் பாடு தாங்குகிற பயிரை நான் பார்த்ததில்லை. தென்னைக்கு அடியில் போட்டாலும் வரும், பலா நிழலிலும் வரும். ஆடு கடிக்காது. விதைத் துண்டைச் சாணிப் பாலில் முக்கி, அடுப்புக்கு மேல் பரணில் புகைபட வைத்துவிட்டால், சித்திரை மழை பெய்கிறவரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். சுருங்கி, கறுத்து, செத்த கட்டை மாதிரி இருக்கும். ஒரு மழைக்கு மூக்கை நீட்டிவிடும்.

மண்ணை மேடாகக் கூட்டிப் பாத்தி போடுவார்கள். முளை மேலே பார்க்க விதையைப் புதைத்து, தூள் எருவும் சாம்பலும் தூவி, அதன்மேல் மா, பூவரசு, கொன்னை என்று கிடைத்த பச்சைத் தழையைக் கனமாகப் பரப்புவார்கள். தழை மக்க மக்க மேலே மேலே போடுவார்கள். இஞ்சி அடியில் குளிர்ச்சியாகக் கிடந்து பெருக்கும்.

அதற்கு ஆகாதது ஒன்றே ஒன்று. தண்ணீர் நிற்கக்கூடாது. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே சால் இழுத்து, மழைத்தண்ணீர் சரிவில் ஓடிப்போகும்படி விட்டிருப்பார்கள்.

வைகாசியில் முதல் பெருமழை. சாலில் தண்ணீர் சலசலவென்று ஓடி ஓடைக்குள் விழுகிறது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எங்கள் ஊரில் ஒரு மடைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பி மண்வெட்டியைத் தூக்குவார்கள். இங்கே இத்தனை தண்ணீர் கேட்பாரற்று ஓடுகிறதே! யாரும் பார்க்காத நேரத்தில் கல்லும் மண்ணும் போட்டுக் கீழ்வாயை நன்றாக அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பாத்திகளுக்கு நடுவே கெண்டைக்கால் அளவு தண்ணீர். நாற்று நடலாம். என்ன பெருமை எனக்கு!

நேசம்மை ஓடி வந்தார். மண்வெட்டியால் நாலே வெட்டில் அடைப்பை உடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்க கர்த்தாவே! மக்ளே, இது நெல்லில்ல கேட்டியா. இஞ்சிக்கு மழை வேணும், தண்ணி நிக்கப்பிடாது. நாளைக்கு வந்திருந்தோம்ணா ஒக்க அழுவிப் போயிருக்கும்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். ஆனால் அவர் சிரித்த சிரிப்பு மேல்விளைவரை கேட்டுவிட்டது. மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்தில் எனக்குப் பெயர் நெல்லுக்காரி.

அந்த வருஷத்துப் பயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லவேண்டியவள் நான். சொல்லவில்லை. மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். ஆடியில் நான் 'கள்ளி' என்று கத்தியதில் இஞ்சி பாதி, இந்தக் கறுவல் பாதி.

மாமியின் கைவைத்தியம்

என் மாமியாரை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமிக்கு எந்த நோவுக்கும் முதல் வாசல் இஞ்சிதான்.

வயிறு மந்தமா? இஞ்சியைத் தோல் சீவி, சாறு பிழிந்து, ஒரு நாழிகை அசையாமல் வைக்கவேண்டும். அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படியும். அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்துத் தேனில் குழைத்துத் தருவார். தலைவலியா? சுக்கை உரசி நெற்றியில் பற்று. சளி, தடுமமா? சுக்கு, நல்லமிளகு, துளசி, கருப்பட்டி. திருவட்டாற்று உற்சவத்துக்குப் போய்க் கண்டதையும் தின்றுவிட்டு வந்து, எங்கள் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பல பேர். "அங்க போயி வாயைக் கட்டுனா இங்க வந்து வயித்தைப் பிடிக்காண்டாம்," என்று வைதுகொண்டேதான் கொடுப்பார்.

தை மாதம் இஞ்சியைச் சுக்காக்குகிறபோது வீட்டில் கத்தியைக் கண்ணில் காட்டமாட்டார். மூங்கில் சிம்பால்தான் தோல் சுரண்டவேண்டும், இரும்பு பட்டால் சுக்கு கறுக்கும் என்பார். சுரண்டியதைப் பாறையில் காயப்போட்டால் அந்த வாரம் முழுக்க வீட்டில் எவருக்கும் மூக்கடைப்பு கிடையாது.

மாமனார் சபையில் டீக்கன், போதகருக்கு அடுத்தபடி சபைக் காரியங்களைப் பார்க்கிறவர். ஒரு துண்டு சுக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் ஜெபம் பண்ண எழுந்திருப்பார். அவர் ஜெபத்தின் நீளத்துக்குப் பாதிப் பொறுப்பு அந்தச் சுக்கினுடையது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். என் வீட்டுக்காரருக்குத் தூரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. சனிக்கிழமைதான் வருவார், அந்தத் தைரியத்தில் சொல்வார்.

இத்தனை மருந்துக்கும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன். மாமி ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. எனக்கு அது அப்போது விசேஷமாகத் தோன்றவில்லை.

"எதுக்குண்ணு கேக்காதிய"

கோழி கிடைத்ததா என்று கேட்காதீர்கள். நேரே வீட்டுக்குப் போய் மாமனாரிடம் சொன்னேன்.

அவர் நியாயஸ்தர். முதலில் எனக்கே பாடம் எடுத்தார். முளைத்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு, நட்ட விதைத்துண்டை மட்டும் அடியிலிருந்து ஒடித்து எடுப்பது வழக்கம்தானாம். அதற்குள் புது இஞ்சி தன் வேரில் நின்றுவிடும், செடிக்குத் தெரியாது. இரும்பு படக்கூடாது, கைப்பழக்கம் வேண்டும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் நேசம்மைக்குத்தான் அந்தக் கை என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். நட்ட விதையைத் திரும்ப எடுப்பதாவது! நெல்லில் அப்படி ஒன்றை யோசித்தாவது பார்க்க முடியுமா?

"ஆனா எடுத்தா இங்க வரணும்," என்றார் மாமனார். "அவளுக்க வீட்டுக்குப் போயிருக்கு. எனக்கிட்ட ஒரு வாக்கு கேக்கல்ல."

அன்று மத்தியானமே நேசம்மையை வரவழைத்தார். அவர் முற்றத்தில் நின்றார். நான் கதவோரம். மாமி அடுக்களையில், பாத்திரச் சத்தம்கூட இல்லாமல்.

"நீ எடுத்தியா?"

"எடுத்தேன் ஐயா."

"எதுக்கு?"

"எதுக்குண்ணு கேக்காதிய. கேட்டா நான் சொல்ல மாட்டேன்."

மாமனார் முகம் வாடிப்போயிற்று. பதினைந்து வருஷத்துப் பழக்கம். "நாலு பேரு முன்னால களவுண்ணு பேச்சு வந்தாச்சு நேசம்மா. நான் டீக்கன். எனக்க வீட்டுக் காரியம்ணு மூடி வைக்க முடியாது. நீ வாயைத் திறந்து சொல்லுகது வரைக்கும் இராப்போசனத்துக்கு இருக்காண்டாம்."

அடுக்களையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. நேசம்மை அந்தப் பக்கம் பார்த்து, இல்லை என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"சரி ஐயா. அப்பிடியே இருக்கட்டு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் சபையில் மாதம் ஒரு தடவை இராப்போசனம், கர்த்தரை நினைத்து எல்லாரும் அப்பம் பகிர்கிற பந்தி. ஆராதனை முடிந்ததும், பந்தியில் சேராதவர்கள் வெளியே போகலாம் என்று போதகர் சொல்வார். சிறு பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடும். மற்றவர்கள் இருப்பார்கள், டீக்கன்மார் அப்பத்தட்டைப் பாய் பாயாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த மாதம் பிள்ளைகளோடு பிள்ளையாக நேசம்மை எழுந்து வெளியே போனார். பின்பாயில் கிசுகிசுப்பு ஓடியது. வெளியே வாகை மரத்தடியில் நின்று, பிள்ளைகளுக்குச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு என்னிடம் வந்தது. வாங்கித் தின்றேன். எனக்குத் தொண்டையில் சிக்கவுமில்லை, ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

ஆவணியிலும் வாகை மரத்தடி. புரட்டாசியிலும் வாகை மரத்தடி.

மூன்றாம் நாள்

ஆவணிக் கடைசியில், நாலு நாள் விடாத அடைமழையில் எனக்குப் பெண் பிறந்தாள். பிரசவம் சுகமாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் உடம்பு குளிர ஆரம்பித்தது. பல் கிட்டியது. இரண்டு கம்பளிக்கும் அடங்கவில்லை.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். என் அம்மாவுக்கும் மூன்றாம் நாள்தான்.

பிள்ளையைப் பார்த்தேன். இவளும் ஒரு நாள் ஏணி வைத்து ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்போது என் அம்மியின் சத்தம் கேட்டது. அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அது நான் அரைக்கிற சத்தமில்லை, மாமி அரைக்கிறதும் இல்லை. பலமான கை, நின்று நிதானித்து இழுத்தது. பிறகு உருளியில் எண்ணெய் சூடாகும் சத்தம். பிறகு வாசனை.

இஞ்சியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். பரணி வாசனை. எனக்கு உயிரே போய்விட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். பின்னால் நேசம்மை, வாழை இலைத் துண்டில் நெல்லிக்காய் அளவு கறுப்பு உருண்டையோடு.

பயம் ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். வாயில் வந்தது இதுதான்: "எனக்கு வேண்டாம். கள்ளி கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்!"

மாமி அதுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அன்று பேசினார்.

"வாயை மூடு ஏட்டி! உனக்க அம்மைக்கு முன்கூட்டியே மருந்து கிண்டிப் பரணியில வச்சுக் காத்திருந்தாவ. தின்ன ஆளில்லாமப் போச்சு. உன்னைப் பெண்ணு கேக்க வந்தப்போ உனக்க அத்தை எனக்க கையைப் பிடிச்சு அழுதுட்டுச் சொன்னா. அண்ணைக்கே நினைச்சேன், உனக்குப் பேறு கழிஞ்சு, நீ உனக்க காலால கோயில் படி ஏறுகது வரைக்கும் இந்த வீட்டுல மருந்துண்ணு ஒரு வாக்கு வெளிய வரப்பிடாதுண்ணு. எடுக்கச் சொன்னது நானாக்கும். உனக்க கண்ணுல படாண்டாம்ணு அவளுக்க அடுப்புக்கு மேல காயப்போடச் சொன்னதும் நானாக்கும். பிள்ளை பெத்தவளுக்கு ஒரு முளையைப் பெத்த இஞ்சிதான் குடுக்கணும். இது இந்த வீட்டு வழக்கம்."

வேதக்காரர் வீட்டில் சகுனம் பார்ப்பதில்லை என்று மாமனார் மாதம் ஒரு முறையாவது சொல்வார். மாமி அதற்கு ஆமென் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார்.

"இவளைக் கள்ளீண்ணு நீ கூப்பிட்ட அண்ணைக்கே சொல்லிருதேன்ணு நான் துடிச்சேன். இவ விடல்ல." மாமி நேசம்மையைக் கை காட்டினார். "ரெண்டு இராப்போசனம் ஏட்டி! மரத்து மூட்டுல நின்னா!"

நேசம்மை இலையைக் கையில் ஏந்தியபடியே நின்றார். "சும்மா இரியும் அக்கா. எனக்க பேரு எங்க போயிரும்? மலை ஏறியா போவும்? முதல்ல குட்டி மருந்தைத் தின்னட்டு. ஆறிப் போச்சுண்ணா எண்ணெய் உறையும்."

நான் அழுத அழுகையில் பிள்ளை எழுந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அவரே உருண்டையை உள்ளே வைத்தார்.

காரம் நாக்கில் பட்டு, தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் ஒரு விளக்கை வைத்த மாதிரி நின்றது. சின்ன வயதிலிருந்து எந்த வாசனைக்குப் பயந்து ஓடினேனோ, அதன் ருசி அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இனிப்பாகத்தான் இருந்தது. என் அம்மாவுக்குக் கிடைக்காமல் போன ஒரு வாய் இது என்று நினைத்துக்கொண்டே மென்றேன்.

மத்தியானத்துக்குள் வியர்த்துக் குளிர் விட்டது. மருந்தா, கம்பளியா, வெட்கத்திலேயே உடம்பு சூடேறியதா, எனக்குத் தெரியாது. டாக்டர் படித்த என் பேரன் ஏதோ விளக்கம் சொல்கிறான். சொல்லட்டும். நான் நன்றி சொல்லவேண்டிய இடம் எனக்குத் தெரியும்.

அன்றே மாமனாரிடம் சொல்லிவிடலாம் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து மறுத்தார்கள். நான் என் காலால் கோயில் படி ஏறுகிறவரை வாய் திறக்கக்கூடாதாம். நாற்பது நாள், நாற்பது உருண்டை. ஒவ்வொன்றையும் நேசம்மைதான் கொண்டுவந்து தந்தார். நடுவில் ஒரு ஞாயிறு. புரட்டாசி இராப்போசன மணி அடிப்பதைப் படுக்கையில் இருந்தே கேட்டேன். அவர் எங்கே நிற்பார் என்று தெரியும். அதைவிட அடி வாங்கியிருக்கலாம்.

ஸ்தோத்திரச் சீட்டு

பிள்ளை பெற்றவள் முதல் முறை கோயிலுக்கு வரும்போது ஸ்தோத்திரக் காணிக்கையோடு ஒரு சீட்டு எழுதிப் போடுவது வழக்கம். "சுகப்பிரசவத்துக்காக" என்று ஒரு வரி. போதகர் வாசிப்பார்.

நான் என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடக் காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார். ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசி இராப்போசன ஞாயிறு. காணிக்கைத் தட்டைப் பிடித்து வந்தவர் மாமனாரேதான். சீட்டின் கனத்தைப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

போதகர் வழக்கம்போல உரத்த குரலில் ஆரம்பித்தார். "சுகமாய்ப் பிள்ளை பெற்று எழுந்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அடுத்த வரியில் குரல் தடுமாறியது. நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆடி மாதம் நேசம்மை எங்கள் விளையில் எடுத்த இஞ்சி, என் மாமியார் சொல்லி, என் பேறுகால மருந்துக்காக எடுத்தது. அதைச் சொன்னால் எனக்கு ஆபத்து வருமோ என்று பயந்து அவர் வாய் திறக்கவில்லை. நான் அவரைக் கள்ளி என்றேன். அவர் எனக்காக மூன்று தடவை வெளியே நின்றார். நான் உள்ளே இருந்து அப்பம் தின்றேன். இந்தக் காணிக்கை அவருக்காக..."

சீட்டைப் போதகரிடம் கொடுத்துவிட்டுத் தட்டோடு திரும்பிக்கொண்டிருந்த மாமனார் நடுவழியில் நின்றுவிட்டார். போதகருக்கு உணர்ச்சி ஏறிக் குரல் இன்னும் உயர்ந்தது.

பின்பாயிலிருந்து நேசம்மையின் குரல் வந்தது.

"பைய வாசியும் ஐயா. பிள்ளை விழிச்சிரும்."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சீட்டின் மற்றப் பக்கத்தைப் போதகர் வாசிக்கவில்லை, மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

பந்தியில் சேராதவர்கள் போகலாம் என்றார். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நேசம்மை எழுந்திருக்கவில்லை. மாமி எழுந்துபோய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, முன்பாயில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

மாமனார் அப்பத்தட்டை எடுத்தார். வழக்கமாக ஆண்கள் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அன்று நேரே எங்கள் பாய்க்கு வந்து நேசம்மைக்கு முன்னால் குனிந்தார்.

நேசம்மை அப்பத்தை எடுத்தார். அந்தச் சமயம் பார்த்து என் மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு, கோயில் கூரை அதிர ஒரு கூப்பாடு போட்டது.

அப்பத்தை வாயில் போட்ட நேசம்மை, மெல்லுவதற்கு முன்பே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார்.

"கொண்டா இங்கன," என்றார். "நீ வாங்கித் தின்னு."